கழுவிக் கொடுத்த குண்டுகள்

தோற்பது எனக்குப் பிடிக்காது. தாயம் ஆடினாலும் பிடிக்காது, பால் வாங்கும் வரிசையில் எனக்குப் பின்னால் வந்தவள் முன்னால் போனாலும் பிடிக்காது. கல்யாணமான புதிதில் கேரம் ஆட்டத்தில் என்னை ஜெயித்ததும் நான் பலகையையே கவிழ்த்துவிட்டேன் என்று என் கணவர் இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். கவிழ்க்கவில்லை, கை பட்டுவிட்டது. இப்படிப்பட்ட எனக்குத்தான், பாதி ஞாயிற்றுக்கிழமைகளில் எங்காவது தோற்றுவிட்டு வந்து சாவகாசமாகச் சாப்பிட உட்காரும் ஒரு மகள் பிறந்தாள்.

அவள் ஆடுவது பெத்தாங்க். புதுச்சேரிக்கு வெளியே இந்தப் பெயரைச் சொன்னால் அது என்ன பலகாரமா என்று கேட்பார்கள். பிரெஞ்சுக்காரர்கள் போகும்போது விட்டுவிட்டுப் போன ஆட்டம். சரளை மண்ணில் ஒரு வட்டம் கிழித்து, அதற்குள் நின்று, கைக்கு அடங்கும் இரும்புக் குண்டை வீச வேண்டும். தூரத்தில் மரத்தாலான ஒரு சின்ன உருண்டை கிடக்கும். அதைப் பிள்ளைகள் 'குட்டி' என்பார்கள். குட்டிக்குப் பக்கத்தில் யாருடைய குண்டு கிடக்கிறதோ அவருக்குப் புள்ளி. எதிராளியின் குண்டு பக்கத்தில் கிடந்தால் நம் குண்டால் அதை அடித்துத் தெறிக்கவும் விடலாம். முதலில் பதின்மூன்று புள்ளி எடுத்தவர் ஜெயித்தவர். ஒற்றைக்கு ஒற்றையாகவும் ஆடலாம், மூன்று பேர் ஓர் அணியாகவும் ஆடலாம்.

வேலை முடிந்து வீட்டுக்கு வராமல் இருக்க ஆம்பளைகள் கண்டுபிடித்த சாக்கு இது என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன். என் கணவர் சாயங்காலமானால் திடலுக்குப் போய்விடுவார். அவரைக் கூட்டிவரப் போன மகள், அங்கேயே தங்கிவிட்டாள். கூட்டிவர நான் போகவேண்டியதாயிற்று. பிறகு நானும் அங்கே பெஞ்சில் உட்கார்ந்து கத்த ஆரம்பித்தேன்.

அவளுடைய அணியில் மூன்று பெண்கள். என் மகள் குண்டைக் குட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பவள். அடித்துத் தெறிக்கவிடுவது கடலோரத்து வைத்திக்குப்பத்துப் பெண்ணின் வேலை. அவள் அம்மா மீன் விற்கிறவர். மூன்றாமவள் ஒரு நெட்டைப் பெண், இரண்டு வேலையும் பாதிப் பாதி செய்வாள். மூன்று வருடமாக மூவரும் ஒன்றாக ஆடுகிறார்கள். வைத்திக்குப்பத்துப் பெண்ணிடம் ஒரு பழக்கம் உண்டு. இடுப்பில் பழைய கைலித்துணிக் கிழிசல் ஒன்றைச் செருகியிருப்பாள். அடிப்பதற்கு முன்னால் குண்டை அந்தத் துணியால் துடைப்பாள். சுற்றிச் சுற்றி, பச்சைப் பிள்ளையின் தலையைத் துவட்டுவதுபோல. துடைத்துவிட்டு அடித்தால் அனேகமாகத் தப்பாது.

நான் சொல்லப்போவது சென்ற கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. காலையில் ஒற்றையர் ஆட்டம், மத்தியானத்துக்கு மேல் மூவர் ஆட்டம். மூவர் ஆட்டத்தில் ஜெயிக்கும் அணி புதுச்சேரிக்காக வடக்கே போய் ஆடலாம். ரயிலில் போகவேண்டும், இரண்டு ராத்திரி ரயிலிலேயே படுக்கவேண்டும். என் மகள் சென்னைக்கு அந்தப் பக்கம் போனதில்லை. ஒரு வாரம் முன்னாலேயே பீரோமேல் இருந்த பெட்டியை இறக்கித் துடைத்து வைத்திருந்தாள். வைத்திக்குப்பத்துப் பெண்ணின் அம்மா, வடக்கே குளிரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஸ்வெட்டரே வாங்கிவிட்டார். எனக்கும் ஆசைதான். என் வீட்டுப் பெண் ஊர்ப் பெயர் எழுதிய சட்டை போட்டுக்கொண்டு ரயிலேறுவதை நான் கனவில் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன்.

ஒற்றையர் ஆட்டத்துக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். முதல் சுற்றிலேயே என் மகளும் வைத்திக்குப்பத்துப் பெண்ணும் எதிரெதிரே.

"வூட்டுக்குள்ளயே சண்ட வெச்சிட்டாங்க பாரு தங்கச்சி" என்றார் அவள் அம்மா. கூடையைத் தெரிந்த கடையில் போட்டுவிட்டு அப்போதுதான் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணும் ஆவாதுக்கா. வெளயாட்டுதான" என்றேன். ஆனால் அந்தப் பெண்ணை என் மகள் ஒற்றையில் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை என்பது எனக்குத் தெரியும்.

ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் என் மகளுக்கு எலுமிச்சைச் சாறு கொண்டுபோனேன். குழாயடியில் வைத்திக்குப்பத்துப் பெண் நின்றிருந்தாள். அவளுக்கும் ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்து, முதுகில் தட்டிவிட்டு வந்தேன். தூரத்தில் நின்ற என் மகள் இதைப் பார்த்தாள். அது பின்னால் எனக்கு எதிராகத் திரும்பும் என்று அப்போது தெரியாது.

எங்கள் திடலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு புள்ளிகூட எடுக்காமல் தோற்றால் அதற்கு 'முட்டை' என்று பெயர். முட்டை வாங்கியவர் ஜெயித்தவருடைய குண்டுகளை எல்லாரும் பார்த்திருக்க வாளித் தண்ணீரில் கழுவி, துடைத்து, இரண்டு கையாலும் எடுத்துக் கொடுக்க வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு வேறொரு சடங்கு வைத்திருக்கிறார்களாம், கேட்டால் காது கூசும். நம் ஆட்கள் மானத்துக்குப் பயந்து அதை வாளியும் தண்ணீருமாக மாற்றிக்கொண்டார்கள். கழுவும்போது சுற்றி நின்று கைதட்டுவார்கள். கேலிதான், விஷம் கிடையாது. ஆனால் கழுவுகிறவருக்கு அப்படித் தோன்றுமா? மீசை நரைத்த ஒரு மனிதர் முட்டை வாங்கிய பிறகு ஒரு மாதம் திடல் பக்கமே தலைகாட்டவில்லை.

என் மகளின் முதல் குண்டு பாதி வழியிலேயே நின்றுவிட்டது. அடுத்தது குட்டியைத் தாண்டி ஓடிப்போய் மரத்தடியில் முட்டிக்கொண்டது. அன்றைக்கு அவளுக்குக் கையே வரவில்லை. "குந்திக்கினு வீசுடி!" என்று கத்தினேன். அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

அந்தப் பக்கம் வைத்திக்குப்பத்துப் பெண் ஒவ்வொரு குண்டையும் துடைத்துத் துடைத்து அடித்தாள். என் மகள் அதிசயமாக ஒரு குண்டைப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாலும், டங்கென்று ஒரு சத்தம், அது போய்விடும். பலகையில் ஆணிகளில் எண் தகடு மாட்டுவார்கள். ஒரு பக்கம் நாலு, ஏழு, ஒன்பது என்று தகடு மாறிக்கொண்டே இருந்தது. என் மகள் பக்கம் முட்டைத் தகடு அசையாமல் தொங்கியது. பன்னிரண்டு வந்தது. இன்னும் ஒன்றுதான். யாரோ ஒருவர் சிரித்துக்கொண்டே வாளியைக் குழாய்க்குக் கீழே நகர்த்தி வைத்தார். அவரைக் கடித்துத் தின்றுவிடலாம்போல இருந்தது எனக்கு.

அந்தச் சுற்றில் என் மகளின் கடைசிக் குண்டு எப்படியோ உருண்டு குட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றது. வைத்திக்குப்பத்துப் பெண்ணிடம் இன்னும் இரண்டு குண்டு மிச்சம். அந்தத் தூரத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பாள். நான் மாதாவைக் கூப்பிட்டேன். அந்தப் பெண் முதல் குண்டை எறிந்தாள், மேலே பறந்து போய்விட்டது. அடுத்ததை எறிந்தாள், முன்னாலேயே விழுந்து நின்றது. புள்ளி என் மகளுக்கு!

எழுந்து நின்று கைதட்டினேன். பெஞ்சில் இருந்த எல்லாரும் தட்டினார்கள். முட்டைத் தகட்டை எடுத்துவிட்டு ஒன்றை மாட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த சுற்றிலேயே ஆட்டம் முடிந்தது, பதின்மூன்றுக்கு ஒன்று. தோற்றதே எனக்கு உறைக்கவில்லை. வாளியிலிருந்து தப்பித்தாளே, அது போதும்.

இரண்டு பெண்களும் கைகொடுத்துக்கொண்டார்கள். என் மகள் பிடித்த கையை விடவில்லை.

"போன சுத்துல கடசி ரெண்டு குண்ட ஏன் தொடைக்காம போட்ட?"

அந்தப் பெண் கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள்.

"ஒன்னத்தான் கேக்கறேன். ஏன் தொடைக்கல?"

"மறந்துட்டேன்" என்றாள் அவள், தரையைப் பார்த்துக்கொண்டு.

என் மகள் நேராக நடுவரிடம் போனாள். அவர் சின்ன வயதுக்காரர். வெயிலில் நின்று நின்று முகம் கறுத்து, அடுத்த ஆட்டத்தை எப்போது முடிப்போம் என்று நின்றிருந்தார். "சார், எனக்கு ஒண்ணு கெடையாது. முட்டை" என்றாள். "எழுதியாச்சு பாப்பா. போட்டது போட்டதுதான், போ" என்றார் அவர். அவர் சொன்னதில் தப்பு இல்லை. வேண்டுமென்று தவறவிட்டாள் என்பதை எந்த நடுவர் அளந்து பார்க்க முடியும்? ஆனால் என் மகள் பலகைக்குப் போய் ஒன்றைக் கழற்றி, கீழே கிடந்த முட்டைத் தகட்டை எடுத்து மாட்டினாள். சிநேகிதியின் மூன்று குண்டுகளையும் பொறுக்கிக்கொண்டு வாளிக்குப் பக்கத்தில் குந்தினாள்.

யாரும் கைதட்டவில்லை. அதுதான் கொடுமையாக இருந்தது. கேலி செய்ய வந்தவர்கள் வாயடைத்து நிற்க, தண்ணீர் சலசலக்கும் சத்தமும் குண்டோடு குண்டு உரசும் சத்தமும் மட்டும் கேட்டன. அவள் ஒவ்வொன்றிலும் ஒட்டியிருந்த மண்ணை நகத்தால் சுரண்டி, தன்னுடைய துண்டால் துடைத்தாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. போய் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று எழுந்தேன். மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று குண்டுகளையும் இரண்டு கையாலும் நீட்டினாள். வைத்திக்குப்பத்துப் பெண் வாங்கவில்லை.

"நீ அழுதுடுவன்னுதான்டி வுட்டேன்."

"அழுதா அழுதுட்டுப் போறேன். அது என் பாடு."

"எல்லார் எதிர்லயும் நீ என் குண்டக் கழுவறத நான் பாத்துக்கினு நிக்கணுமா? நெனச்சிப் பாத்தியா?"

"நான் ஆடி வாங்கின முட்டை அது. நீ யாரு அத எடுத்துக்க?"

அந்தப் பெண் குண்டுகளைப் பிடுங்கிப் பையில் போட்டாள். இடுப்பில் இருந்த துணியையும் உருவி அதே பையில் திணித்தாள். இருவரும் ஆளுக்கொரு பக்கம் போனார்கள்.

என் பக்கத்தில் இருந்த அவள் அம்மா நடந்ததைப் புரிந்துகொண்டு தலையில் அடித்துக்கொண்டார். "இவளுக்கு எங்கேர்ந்து வந்துச்சி இவ்ளோ பெரிய மனசு? வூட்ல ஒரு வெங்காயம் உரிச்சித் தர மாட்டா தங்கச்சி!" சிரிக்கலாம்தான். எங்கள் இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. மத்தியானம் இந்த இரண்டு பெண்களும் ஒரே அணியில் நின்று ஆட வேண்டும். ரயிலும் பெட்டியும் ஸ்வெட்டரும் அதில்தான் இருந்தன.

என் மகள் என்னிடம் வந்தாள். முகம் கன்றியிருந்தது.

"நீதான அவகிட்ட சொன்ன? கொழாயாண்ட நின்னு பேசினத பாத்தேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "மாதா மேல சத்தியமா நான் ஒண்ணும் சொல்லல. ஜூஸ் குடுத்தேன், அவ்வளவுதான். பெத்தவளயே சந்தேகப்படறியா?" என்று நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ஆனா அவ வுட்டப்ப சந்தோஷப்பட்டல்ல?" என்றாள்.

சந்தோஷப்பட்டேன். என் பிள்ளை அவமானப்படாமல் இருந்தால் எனக்குச் சந்தோஷம். பெற்றவளுக்கு அதுகூடக் கூடாதா? காலையில் போட்டியைத் தொடங்கிவைக்க வந்து, சால்வை போர்த்திக்கொண்டு பேசிய பெரிய மனிதர், விளையாட்டு பிள்ளைகளுக்குப் பெருந்தன்மை கற்றுத்தரும் என்று மைக் சூடாகும்வரை பேசினார். அந்தப் பெருந்தன்மையை வாங்கிக்கொள்கிறவளுக்கு எப்படி இருக்கும் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

சாப்பாட்டு நேரத்தில் என் மகள் ஒரு பூவரச மரத்தடியில், வைத்திக்குப்பத்துப் பெண் இன்னொரு மரத்தடியில். நெட்டைப் பெண் நடுவில் தயிர்சாத டப்பாவோடு நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். "நீங்க ரெண்டு பேரும் பேசலன்னா நான் ஊட்டுக்குப் போறேன்" என்றாள். யாரும் அவளைத் தடுக்கவுமில்லை, அவள் போகவுமில்லை.

மத்தியானம் ஆட்டம் தொடங்கியது. என் மகள் குண்டு விழவேண்டிய இடத்தைக் காலால் காட்டுவாள். வைத்திக்குப்பத்துப் பெண் அவளைப் பார்க்காமல் நெட்டைப் பெண்ணைப் பார்ப்பாள். "அங்க போடச் சொல்றா" என்று நெட்டைப் பெண் தபால் கொண்டுபோவாள். இப்படி ஆடியும் எப்படியோ இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டார்கள். ஆனால் துணி பையிலேயே கிடந்தது. ஒரு குண்டைக்கூட அந்தப் பெண் துடைக்கவில்லை. துடைக்காமல் எடுத்து, வீம்பாக எறிந்தாள். சிலது பட்டது, சிலது படவில்லை. ஒவ்வொரு தடவை அவள் வட்டத்துக்குள் போகும்போதும் என் மகள் அவளுடைய இடுப்பைத்தான் பார்த்தாள். கூடவே நானும்.

வெயில் தாழ்ந்தது. புள்ளி பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. எதிரணிப் பெண்களின் கையில் குண்டு தீர்ந்துவிட்டது. அவர்களுடைய குண்டு ஒன்று குட்டியைக் கிட்டத்தட்டத் தொட்டுக்கொண்டு கிடந்தது. அதற்கு அடுத்தபடி பக்கத்தில் இருந்தது என் மகள் வைத்த குண்டு. எங்களிடம் ஒரே ஒரு குண்டு மிச்சம், அது வைத்திக்குப்பத்துப் பெண்ணின் கையில். எதிராளி குண்டை அடித்துத் தள்ளிவிட்டால் பதின்மூன்று நமக்கு. தவறினால் அவர்களுக்கு.

அவள் வட்டத்துக்குள் போய் நின்றாள். துணி இல்லை. பக்கத்தில் இருந்த அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது என் மகள் குட்டிக்குப் பக்கத்திலிருந்து விடுவிடுவென்று நடந்து வந்தாள். பைகள் இருந்த இடத்துக்குப் போய், சிநேகிதியின் பையைத் திறந்து அந்தக் கிழிசலை எடுத்துக்கொண்டு வட்டத்துக்குப் போனாள். "சீக்கிரம்மா, நேரம் ஆவுது" என்றார் நடுவர். அவள் காதில் வாங்கவில்லை.

"தொடச்சிட்டு அடி" என்று துணியை நீட்டினாள்.

"காலைல தொடச்சித் தொடச்சித்தான பன்னெண்டு எடுத்தேன். அதுக்கா இவ்ளோ கோவம்?"

"பன்னெண்டுக்கு இல்லடி. அந்த ஒண்ணுக்கு."

காலைச் சண்டைக்குப் பிறகு அவர்கள் நேருக்கு நேர் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுதான். அந்தப் பெண் துணியை வாங்கினாள். குண்டைத் துடைத்தாள். சுற்றிச் சுற்றி, முன்பு துடைப்பதுபோலவே துடைத்தாள். துணியை இடுப்பில் செருகிக்கொண்டு முட்டியை மடக்கினாள். என் மகள் திரும்பிப் போய்த் தன் இடத்தில் நின்று, விழவேண்டிய இடத்தை விரலால் காட்டினாள். அந்தப் பெண் அவளைப் பார்த்துத் தலையசைத்தாள்.

கை பின்னால் போய் முன்னால் வந்தது. குண்டு நேராகத்தான் போனது. ஒரு விரற்கடை முன்னால் விழுந்து, சரளைக் கல் ஒன்றில் பட்டு எகிறி, எதிராளி குண்டின் தலைக்கு மேலே தாண்டிப் போய்விட்டது.

எதிரணிப் பெண்கள் குதித்தார்கள். நெட்டைப் பெண் முகத்தை மூடிக்கொண்டாள். வைத்திக்குப்பத்துப் பெண் வட்டத்தைவிட்டு வெளியே வராமல் அப்படியே நின்றாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. காலையில் என் மகள் சும்மா இருந்திருந்தால், அந்த ஒரு புள்ளியை வாயை மூடிக்கொண்டு வாங்கியிருந்தால், மத்தியானம் முழுவதும் அந்தப் பெண் துடைத்துத் துடைத்து அடித்திருப்பாள், ஆட்டம் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு வரைக்கும் வந்தே இருக்காது என்று கணக்குப் போட்டேன். இப்போதும் அந்தக் கணக்கு தப்பு என்று என்னால் சொல்ல முடியாது.

என் மகள் அவளிடம் போனாள்.

"நல்லா தொடச்சியா?"

"தொடச்சேன்டி."

"குறி வெச்சிதான அடிச்ச?"

"ஆமா."

"அப்ப உடு" என்றாள்.

அதற்குப் பிறகுதான் இருவரும் அழுதார்கள். ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்துகொண்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு, அந்தக் கிழிசலாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். நெட்டைப் பெண்ணும் ஓடிப்போய் இருவர் தலைக்கும் மேலே தன் நீளக் கைகளைப் போட்டுக்கொண்டாள்.

"அந்த ஸ்வெட்டர இந்த ஊர்ல நான் யாருக்கு மாட்டறது?" என்றார் வைத்திக்குப்பத்து அம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் கேட்டார். பெட்டியை மறுநாள் நானே பீரோமேல் ஏற்றி வைத்தேன்.

அந்தப் போட்டி என்ன ஆயிற்று என்று வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் இன்னும் கேட்கிறார்கள். "மூணு பேரா ஆடினதுல ரெண்டாவது. ஒத்தையில முட்டை" என்கிறாள் என் மகள், சாப்பிட்டுக்கொண்டே, சத்தமாக. பக்கத்தில் சாம்பார் ஊற்றிக்கொண்டு நிற்பவள் நான். இல்லை, ஒரு புள்ளி எடுத்தாள், நடுவரே எழுதியிருக்கிறார் என்று நாக்கு நுனிவரைக்கும் வருகிறது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்க்கிறாள். நான் மென்று விழுங்கிவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்று கேட்கிறேன்.